அறுபத்து மூன்று பச்சை டிக்

சாயங்காலம் ஏழு மணி ஆனால் என் செல்போன் ஒரே ஒரு முறை ‘டிங்’ என்று சத்தம் போடும். தறி ஓடுகிற சத்தத்தில் அது என் காதுக்கு மட்டும்தான் எட்டும் என்று நினைத்திருந்தேன். முதல் நாளே அண்ணனுக்கும் எட்டிவிட்டது.

“யார்ரா அது? பொண்ணா?”

“ஆமாண்ணா. மூச்சு வுட்டியா, யார்கிட்டனா பேசுனியா, இன்னிக்கு மனசு எப்டி இருக்குதுன்னு கேக்குது.”

“மூச்சு வுட்டியான்னா கேக்குது?”

“ரொம்ப அக்கறையான பொண்ணுண்ணா.”

அண்ணன் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தான். அடுப்படியிலிருந்து அண்ணி, “அந்தப் பொண்ண ஒரு நாள் கூட்டிக்கினு வாப்பா. உன்கூட இருந்தா யாருக்கு மூச்சு வரும்னு நான் கேக்கறேன்” என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். நான் சொன்னதில் பொண்ணு என்கிற ஒரு வார்த்தையைத் தவிர வேறு பொய் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

அது ஒரு ஆப். ஏனாத்தூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்குக் கவுன்சிலிங் கொடுத்த மேடம் அதை என் போனில் ஏற்றிவிட்டிருந்தார். தினமும் ஏழு மணிக்கு ஐந்து கேள்வி வரும். மெதுவாக மூச்சு விட்டீர்களா? சுற்றிலும் தெரியும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லிப் பார்த்தீர்களா? நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசினீர்களா? மனம் இல்லாவிட்டாலும் ஒரு சிறிய வேலை செய்தீர்களா? தீய எண்ணம் ஒன்றை எழுதி வைத்து அதை எதிர்த்துக் கேள்வி கேட்டீர்களா? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். தொட்டால் பச்சை டிக் விழும். கடைசியில் மனம் எப்படி இருக்கிறது என்று சைபரிலிருந்து பத்து வரைக்கும் ஒரு கோடு. சைபர் என்றால் ரொம்ப மோசம். நான் போடுவதெல்லாம் மேடத்தின் கம்ப்யூட்டரில் மேலும் கீழுமாக ஒரு கோடாகத் தெரியுமாம். பிளஸ் ஒன் பாதியில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவன் நான். அதற்கப்புறம் எனக்கு வந்த ஒரே கேள்வித்தாள் அதுதான்.

நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம். அப்பா அம்மா இல்லை. அண்ணன், அண்ணி, நான். வீட்டில் ஒரே தறி. அதில் கோர்வைப் புடவைதான் போடுவோம். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். உடம்புக்கு அண்ணன், ஊடை நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே எறிவான், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நான் எறிவேன். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு வரி இறங்கும். ஒருத்தன் எழுந்து போனால் இன்னொருத்தன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அப்படி எழுந்து போவதற்கு நான் பண்ணாத வேலை கிடையாது. ஒரு தடவை கிரிக்கெட் மேட்ச் பார்ப்பதற்காக அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டு போர்த்திப் படுத்தேன். உடம்பு சூடேறியதோ இல்லையோ, நாற்றம் ஏறிவிட்டது. அண்ணி போர்வையை இழுத்ததும் வெங்காயம் உருண்டு அண்ணன் காலடியில் போய் நின்றது. தெரு முழுக்க இரண்டு வாரம் அதே பேச்சு. அப்புறம் எனக்கு நிஜமாகவே ஜுரம் வந்தாலும் அண்ணன் வாசற்படியில் நின்று, “வெங்காயத்த தூக்கிப் போட்டுட்டு எழுந்து வாடா” என்பான்.

போன வருஷம் அது வந்தபோதும் அதைத்தான் சொன்னான்.

அது என்றால் எது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காதல் தோல்வி இல்லை. யாரும் சாகவில்லை. ஒரு நாள் காலையில் கண் திறந்ததும், ‘ஐயோ, இன்னொரு நாளா’ என்று தோன்றியது. அடுத்த நாளும் தோன்றியது. சாப்பிட்டால் சாப்பாடு தொண்டை வரைக்கும் எனக்குள் போனது, அதற்குக் கீழே வேறு யாருக்கோ போனது. நாலு பேர் கூடினால் வழக்கம்போல நான்தான் சிரிக்க வைத்தேன். அவர்கள் சிரிப்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல இருந்தது. பதினோரு நாள் தறிக்குப் போகாமல் பாயிலேயே கிடந்தேன். அண்ணன் முதல் நாள் வெங்காயம் என்றான், மூன்றாம் நாள் திட்டினான், ஆறாம் நாள் பேச்சை நிறுத்தினான்.

பன்னிரண்டாம் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு பாலாற்றுப் பாலத்தில் போய் நின்றேன். ஏன் அங்கே நிறுத்தினேன் என்பதை மேடத்திடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, மணல்தான். ரொம்ப நேரம் நின்றேன். பின்னால் வந்த லாரிக்காரர், “வண்டிய ஓரங்கட்டுபா, வூட்ல சொல்லிட்டு வந்தியா?” என்று கத்தினார். எல்லா லாரிக்காரர்களும் எல்லோரையும் திட்டுகிற திட்டுதான். ஆனால் நான் வீட்டில் சொல்லிவிட்டு வரவில்லை. வண்டியைத் திருப்பி நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் தலைவலி என்று சொல்லிச் சீட்டு வாங்கினேன். டாக்டர் மூன்று கேள்வி கேட்டார். மாத்திரை எழுதித் தந்துவிட்டு, எதிர் அறைக்குப் போகச் சொன்னார்.

எதிர் அறையில்தான் மேடம் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். முதல் அரை மணி நேரம் நான் ஜோக்காக அடித்துத் தள்ளினேன். இரண்டுக்குச் சிரித்தார். அப்புறம், “இதையெல்லாம் சிரிக்காம யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?” என்று கேட்டார். நான் ஃபேனைப் பார்த்தேன். ஃபேன் பதில் சொல்லவில்லை. அவர் அவசரப்படாமல் காத்திருந்தார். அன்றைக்குத்தான் பாலத்தைச் சொன்னேன்.

வீட்டிலும் மறைக்கவில்லை. “எனக்கு மூளையில நட்டு கழண்டுக்குச்சாம். வியாழக்கெழம வியாழக்கெழம முடுக்கித் தராங்களாம்” என்றேன். “ஒரேயடியா மாத்திக்கினு வந்துடு” என்றான் அண்ணன். சொன்னதும் நிஜம், சிரித்ததும் நிஜம். அதற்கப்புறம் ஒவ்வொரு வியாழக்கிழமை மதியமும் நான் சட்டை மாட்டினால், “மாப்ள கெளம்பிட்டாருபா” என்று தறியிலிருந்து குரல் வரும்.

ஆப்பை ஏற்றிவிட்ட அன்று மேடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். “செய்யலைன்னா செய்யலைன்னு விடுங்க. மோசமா இருந்தா மோசம்னு போடுங்க. இது பரீட்சை இல்ல. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்குத் தெரியறதுக்கு இது ஒண்ணுதான் வழி.”

முதல் வாரம் ஒழுங்காகத்தான் இருந்தேன். மூச்சு விட்டேன். தறியில் உட்கார்ந்தபடி நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட வேண்டும். மிதியை மிதிக்கிற தாளத்தில் மூச்சும் போய்ச் சேர்ந்துகொண்டது. அண்ணன் வேகமாக மிதித்தால் எனக்கு மூச்சு வாங்கியது. ஐந்து பொருளைப் பெயர் சொல்லிப் பார்க்கும்போது வாய் தவறிச் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

“நாடா. பல்பு. காலண்டர். அண்ணியோட துடைப்பம். அண்ணனோட சொட்டை.”

“இன்னாடா சொன்ன?”

“கண்ணு முன்னாடி இருக்கறத சொல்லச் சொல்லியிருக்காங்கண்ணா.”

“துடைப்பம் கிட்டதான் இருக்குது, எடுக்கட்டுமா?”

அந்த வாரம் டிக் இரண்டு, மூன்று என்றுதான் விழுந்தது. மனசுக்கு மூன்று போட்டேன், ஒரு நாள் நாலு. அதில் பொய் இல்லை. நிஜத்தை ஒரு இடத்தில் போட்டுவிட்டு வருவது, கல் புகுந்த செருப்பை ஒரு நிமிஷம் கழற்றி உதறுவதுபோல இருந்தது. நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுவது மட்டும் பாக்கி.

சின்ன வயதிலிருந்து என்னோடு சுற்றுகிறவன் ஒருத்தன் இருக்கிறான். ஐயம்பேட்டை பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்குப் போன் போட்டேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

“மச்சான், எனக்கு மனசே சரியில்லடா. வாழவே புடிக்கல.”

இரண்டு விநாடி ஆட்டோ சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சிரிப்பு வெடித்தது.

“எவடா அவ? டேய், ஸ்பீக்கர்ல போட்டுக்கினு இருக்கேன், வண்டியே சிரிக்குது. இன்னொரு தபா சொல்றா, பின்னாடி இருக்கற அக்காவுக்கு கேக்கலயாம்.”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? போனை வைத்திருக்கலாம். ஸ்பீக்கரை நிறுத்துடா என்று சொல்லியிருக்கலாம். நான் இன்னொரு தடவை சொன்னேன். இந்த முறை ஒப்பாரி ராகம் போட்டு, “வாழவே புடிக்கலயே, என் ராசாவே” என்று இழுத்து இழுத்துச் சொன்னேன். பின்னால் இருந்த அக்காவுக்கும் கேட்டது. வண்டியே குலுங்கிச் சிரித்தது. அவன், “நீ சினிமாக்கு போடா, இங்க இன்னா பண்ற?” என்று சொல்லிவிட்டு வைத்தான்.

ஏழு மணிக்கு அந்தக் கட்டத்தைத் தொட்டேன். பேசினீர்களா? பேசினேன். ஒருவரிடம் என்ன, ஏழெட்டுப் பேரிடம். அதுதான் முதல் பொய் டிக்.

இந்த இடத்தில் எங்கள் தறியில் நடக்கிற ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். நெய்ய நெய்ய, நெய்த புடவை நெசவாளியின் மடிக்கு முன்னால் இருக்கிற படமரம் என்கிற உருளையில் சுருண்டுகொண்டே போகும். புடவை முடிகிற வரைக்கும் அதை அவிழ்த்துப் பார்க்கக் கூடாது. அவிழ்த்தால் இழுப்பு போய்விடும். அதனால் வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்க முதலாளி அனுப்பும் மேஸ்திரிக்கு, சுருளின் பருமனைக் கண்ணால் பார்ப்பதும் நாங்கள் சொல்வதை நம்புவதும்தான் வழி. அவர் எப்போது வந்து கேட்டாலும் எங்கள் தெருவில் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: “முந்தி கிட்ட வந்துட்டோம்.” முந்தி என்பது கடைசியில் நெய்கிற முந்தானை. நேற்றுதான் ஆரம்பித்திருந்தாலும் முந்தி கிட்ட வந்துவிடுவோம். சரிகை உரசாமல் இருக்க, சுற்றும்போது இடையில் ஒரு பழைய துணி வைப்பது வழக்கம். நாங்கள் நாள் தவறிவிட்டால் ஒரு துணிக்குப் பதிலாக ஒரு வேட்டியையே நாலாக மடித்து உள்ளே வைத்துச் சுற்றிவிடுவோம். சுருள் பருத்துவிடும். மேஸ்திரி விரலால் தட்டிப் பார்த்து, “பரவால்லியே, நல்லா ஓடுது” என்று போய்விடுவார். பிறகு இராப்பகலாக உட்கார்ந்து அந்த வேட்டி அளவுக்கு நெய்து ஈடு கட்டிவிடுவோம். பிடிபட்டதே இல்லை. இந்த யோசனையைக் கண்டுபிடித்தவன் அண்ணன். வேட்டியின் ஓரம் வெளியே தெரியாமல் மடிக்கிற கலை மட்டும் என்னுடையது.

அதையேதான் ஆப்பிலும் செய்தேன். யாரோ ஒருவர் ‘எவ்வளவு ஆச்சு’ என்று கேட்டால் ‘ஆயிடுச்சு’ என்று சொல்வதற்கு எங்கள் வாய் பழகியிருந்தது. இன்றைக்கு டிக் போட்டுவிடுவோம், நாளைக்கு மூச்சையும் விட்டு, ஐந்து பொருளையும் பார்த்து ஈடு கட்டிக்கொள்வோம் என்றுதான் இருந்தேன். நாளைக்கு வந்தது. ஈடு கட்ட எனக்குள் நூல் இல்லை. மறுபடியும் டிக் போட்டேன். ஐந்தும் பச்சை. மனசுக்கு ஏழு. ஒரு நாள் சலித்துப் போய் எட்டு போட்டேன். ஆப் ரொம்பச் சந்தோஷப்பட்டது. ‘அருமை! தொடர்ந்து பத்து நாள்!’ என்று பூ தூவியது. இருபதாவது நாள் ஒரு கோப்பை கொடுத்தது. பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் கோப்பை கொடுத்ததில்லை.

உள்ளே நான் கீழே இறங்க இறங்க, அந்தக் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால், விளக்கலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தறியில் கை தானாக நாடாவை எறியும். அரக்குக் கரை போய்க்கொண்டிருக்கும், அது அரக்கு என்று தெரியும், அவ்வளவுதான். ஏழு மணிக்கு டிங். அந்த ஒரு நிமிஷம்தான் அந்த நாளிலேயே நான் சுறுசுறுப்பாக இருந்தது.

நாற்பதாவது நாளை ஒட்டி வந்த வியாழக்கிழமை, மேடம் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கோடு மலையேறுவதுபோல ஏறியிருந்தது.

“பாருங்க, நீங்களே பாருங்க. முதல் வாரம் இங்க இருந்தீங்க. இப்ப எங்க இருக்கீங்க!”

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர் அறைக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், எல்லோரும் சாகிற மூஞ்சியோடு. அவர்களுக்கு நடுவில் ஏறுகிற கோடு நான் ஒருத்தன்தான் போல. அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை.

“எப்படி இருக்கீங்க, நெஜமா?”

“முந்தி கிட்ட வந்துட்டோம் மேடம்.”

அவருக்குப் புரியவில்லை. நல்லதாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்.

“இதே மாதிரி போனா வாராவாரம் வர வேண்டாம். டாக்டர் தர மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க. ரெண்டு மாசம் கழிச்சு என்ன வந்து பாருங்க. வெயிட்டிங்ல நெறைய பேர் இருக்காங்க. உங்க வியாழக்கிழமைய அதுல ஒருத்தருக்குக் குடுக்கலாமா? உங்களுக்குச் சரின்னா மட்டும்தான்.”

வேண்டாம் மேடம் என்று ஒரு வார்த்தை. அதற்கு எத்தனை மூச்சு வேண்டும்? அரை மூச்சு போதும். உலகத்திலேயே என்னிடம் சிரிக்காமல் பேசுகிற இடம் அந்த ஒரு நாற்காலிதான். வாரத்தில் மற்ற ஆறு நாளையும் நான் அந்த மதியத்தில் தொங்கவிட்டுத்தான் தாண்டிக்கொண்டிருந்தேன்.

“தாராளமா குடுங்க மேடம். சேர் சூடாதான் இருக்குது.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு என் முகத்திலேயே இருந்தது. எப்படி இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மதியம், பழக்கத்தில் சட்டையை மாட்டிவிட்டேன். “மாப்ள கெளம்பிட்டாருபா” என்றான் அண்ணன். “எனக்கு சரியாயிடுச்சாம்ணா, இனிமே வர வேணாம்னுட்டாங்க” என்றேன். “அப்பாடா” என்றாள் அண்ணி. நெற்றியில் விபூதி வைத்துவிட்டாள். அன்றைக்கு வீட்டில் கேசரி. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். அதற்குக்கூட எனக்குத் தெம்பு இருந்தது பார்த்தீர்களா, பொய்க்கு மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும்.

இரண்டு வாரத்தில் அதுவும் தீர்ந்துபோனது. ஒரு திங்கட்கிழமை பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. செவ்வாய் முடியவில்லை. தறி நின்றது. புதன்கிழமை சாயங்காலம் ஜன்னல் வழியாகக் கோயில் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் வந்துகொண்டிருந்தது. ஏழு மணிக்குத் தலைமாட்டில் டிங். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினேன். எந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியும். டிக், டிக், டிக், டிக், டிக். கோட்டைத் தள்ளி எட்டு. போனைக் கீழே வைத்தேன்.

வாசற்படியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். வெங்காயம் என்று கத்துவதற்குத்தான் வந்திருப்பான். கத்தவில்லை. குனிந்து போனை எடுத்தான். எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான்.

“மனம்... இல்லாவிட்டாலும்... ஒரு சிறிய வேலை... செய்தீர்களா.” என்னைப் பார்த்தான். “பச்சையா இருக்குது. மூணு நாளா நீ பாய வுட்டு எழுந்துக்கலயேடா.”

“பல்லு வெளக்குனேன்ணா.”

“வெளக்கல.”

விரலால் திரையை மேலே தள்ளினான். பச்சை. இன்னும் தள்ளினான். பச்சை. தள்ளத் தள்ளப் பச்சை. அவன் முகம் மாறுவதைப் படுத்தபடியே பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் ‘ஐயோ பாவம், இவ்வளவு முயற்சி பண்ணியிருக்கிறானே’ என்று நினைத்திருப்பார்கள். அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

“டேய். எத்தினி நாளா வேட்டி வச்சு சுத்திக்கினு இருக்க?”

“அறுவத்தி மூணு.” நானே சேர்த்துச் சொன்னேன். “அறுவத்தி மூவர் ஆயிடுச்சுண்ணா. பல்லக்கு வச்சு நாலு மாட வீதி சுத்திடலாம்.”

அவன் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் நான் சொன்ன ஜோக்கு ஒன்று தரையில் விழுந்து அப்படியே கிடந்தது அதுதான் முதல் தடவை.

“உள்ள எவ்ளோ நெய்ஞ்சிருக்குது? நெஜமா சொல்லு.”

“ஒண்ணும் இல்லண்ணா. வெறும் வேட்டிதான்.”

அவன் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். “நான் வெங்காயம்னே நெனச்சுக்கினு இருந்தேன்டா” என்றான். அண்ணி வாசற்படியில் வந்து நின்று, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மொதல்ல இத அழி. இருக்கறத போடு” என்றான். அன்றைய ஐந்து டிக்கையும் எடுத்தேன். எட்டை இழுத்துக்கொண்டு வந்து சைபரில் விட்டேன். முந்தைய நாட்களை அழிக்கப் பார்த்தோம். அழிக்க முடியாதாம், அன்றைய நாளை மட்டும்தான் திருத்தலாமாம். அறுபத்து இரண்டு நாள் பொய் அப்படியே உச்சியில் நின்றது, கடைசியில் ஒரே ஒரு சைபர். ஆப் சிரித்த முகம் ஒன்றைக் காட்டியது. ‘ஒரு நாள் சறுக்கினால் பரவாயில்லை! நீங்கள் நன்றாகச் செய்துவருகிறீர்கள்!’

அண்ணன் அதை வாசித்துவிட்டு, அது ஒரு ஆள் என்பதுபோல ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். வியாழக்கிழமை முழுக்க ஆள் இருக்கிறது, உங்களுக்கு அடுத்த மாதம்தான் தேதி என்றார்கள். “அவசரமா இருந்தா நேரா வந்து டாக்டரப் பாருங்க” என்றும் சொன்னார்கள். “போய் ஒக்காந்துடலாம் வா” என்றான் அண்ணன். அண்ணி எனக்குச் சட்டையை மாட்டி, பொத்தான் போட்டுவிட்டாள். என் கை தூக்குவதற்கே வலித்தது. அன்றைக்கு யாரும் மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை.

காலையிலேயே டாக்டரைப் பார்த்தோம். மாத்திரையை மாற்றி எழுதிவிட்டு, மேடத்தையும் பார்க்காமல் போக வேண்டாம் என்றார். மேடத்தின் அறைக்கு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். என் பழைய நேரம் வந்தது. அந்த நேரத்துக்குச் சீட்டு வைத்திருந்தவர் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தார். வாலாஜாபாத்திலிருந்து வருகிறாராம். ஐம்பது வயது இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை. அவரிடம் கெஞ்சிக் கேட்டு எனக்கு அந்த நேரத்தை வாங்கித் தருவது என்றுதான் அண்ணன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். “ஐயா” என்று ஆரம்பித்தவன், அவர் கையைப் பார்த்தான். சீட்டு அந்தக் கையில் நிற்காமல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர், “இன்னாபா?” என்றார். “ஒண்ணும் இல்லீங்க, மணி இன்னா ஆச்சு?” என்று கேட்டுவிட்டு அண்ணன் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். அந்த நாற்காலியை நான்தான் சிரித்துக்கொண்டே அவருக்குக் கொடுத்தேன். திருப்பிக் கேட்கிற மாதிரி அவர் நிலைமை இல்லை.

அவர் போனார், வந்தார். இன்னும் மூன்று பேர் போனார்கள், வந்தார்கள். பெஞ்சு காலியானது. கூட்டுகிற அம்மா வந்து எங்கள் காலைத் தூக்கச் சொல்லித் துடைத்துவிட்டுப் போனார். கதவைத் திறந்துகொண்டு மேடம் பையோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“அட, நீங்களா! என்ன, இன்னிக்கு என்ன ஜோக்கு?”

என் வாயில் ஒன்று வந்தது. வந்ததை விழுங்கினேன்.

“எல்லாம் பொய் மேடம். அறுவத்தி மூணு நாளும் பொய்.”

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையை ஆட்டினான். மேடம் பையைக் கதவுப் பிடியில் மாட்டினார். மறுபடியும் உள்ளே போய் விளக்கைப் போட்டார். நாங்கள் போய் உட்கார்ந்தோம், என் நாற்காலியில் நான், சுவரோரம் அண்ணன். அவர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார்.

“இப்ப, இந்த நிமிஷம், எவ்வளவு? சைபர்லேர்ந்து பத்து வரைக்கும்.”

யோசித்தேன். நிஜத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன்.

“ரெண்டு மேடம்.”

பின்னாலிருந்து அண்ணன், “அவன் சொல்றதுல ரெண்ட கழிச்சுக்கோங்கம்மா” என்றான்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் திரும்பி அண்ணனிடம் ஏதாவது சொல்வேன் என்று மூன்று பேருமே காத்திருந்தோம். நான் திரும்பவில்லை. அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.